நான் போடாத மஞ்சள் கோடு

ஜனவரி 4, ஞாயிறு

இன்று என் சீட்டை மாட்டினோம். மூன்று வருஷமாகப் பட்டறையின் பின்பக்கம் எலும்புக்கூடாகக் கிடந்த எங்கள் காருக்கு இன்றுதான் உட்கார இடம் வந்தது.

காலை எட்டு மணிக்கே ரத்தினம் பட்டறையைத் திறந்து வைத்திருந்தான். என் தம்பி ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுந்தாலே அதிசயம். முதலில் சீட்டைத் தரையில் வெறுமனே வைத்து, அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, என்னை உட்காரச் சொன்னான். கிளட்சை முழுதாக மிதித்தேன். முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு வரக்கூடாது. கட்டையை மாற்றி மாற்றி ஒன்றரை மணி நேரம். கடைசியில் சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்தான்.

"நாலடி பத்து அங்குல ஆளுக்கு சீட் மாட்டறது, சின்னப் புள்ளைக்கு சைக்கிள் இறக்கிக் குடுக்கற மாதிரி இருக்குதுக்கா."

"ஓட்டறப்ப பாருடா சின்னப் புள்ளைய" என்றேன்.

சீட்டுக்கு அடியில் நகர்த்துகிற ரெயில் வைக்கலாம் என்று அவன் போன மாதமே சொன்னான். ரெயில் இருந்தால் சீட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ளலாம். நான் ஒரே பேச்சாக வேண்டாம் என்றுவிட்டேன். ரெயில் தேயும், ஆடும், பிரேக் பிடிக்கும்போது வழுக்கினால் கால் பெடலுக்கு எட்டாது. ஓட்டப்போவது நான் ஒருத்திதான், பிறகு எதற்கு நகர வேண்டும்? நேராகச் சட்டத்தில் போல்ட். முடிந்தது.

தரை வெறும் தகரம்தான், ஒன்றேகால் மில்லி கனம். அதில் போல்ட் போட்டால் பிரேக் அடிக்கிற வேகத்துக்கு வாஷரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சீட்டுக்கு அடியில் குறுக்காக ஓடுகிற இரண்டு சதுரக் குழாயில்தான் நாலு ஓட்டையும். இறுக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே கனமான சின்ன பைப்பை வைத்து ரத்தினம் வெல்டிங் அடித்திருக்கிறான். அவன் வெல்டிங்கைக் குறை சொல்ல முடியாது. மற்றதை எல்லாம் சொல்லலாம்.

அவன் இறுக்கினான், நான் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். சரியான இறுக்கம் என்று 'டக்' சத்தம் வந்ததும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரைக்கும் மஞ்சள் கோடு போட்டேன். பிற்பாடு போல்ட் ஒரு முடி அளவு சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற வேலை இதுதான். இறுக்கியவன் கோடு போடக்கூடாது, கோடு போடுகிறவள் இறுக்கக்கூடாது. அப்பா காலத்துப் பட்டறையில் இந்தச் சட்டம் கிடையாது. வண்டி விஷயத்தில் நான் கொண்டுவந்தேன்.

கம்பெனியில் போடுகிற பெயின்ட் டப்பா வீட்டில் காய்ந்து போகிறது. அதனால் மஞ்சள் நெயில் பாலிஷ். பேன்ஸி ஸ்டோர் பெண் என் நகத்தைப் பார்க்கிறாள், பாட்டிலைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை.

கடைசியில் செயின் புல்லியைத் தூணில் கட்டி, கொக்கியைச் சீட் முதுகில் மாட்டி இழுத்தோம். வண்டியே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சீட் அசையவில்லை. ரத்தினம் விசில் அடித்தான். நாற்பத்தாறு வயதில் இவ்வளவு சந்தோஷப்பட்டால் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு டீ வாங்கப் போனேன்.

ஜனவரி 8, வியாழன்

இடது சீட்டும் ஆயிற்று. அது ரத்தினத்துடையது. அவன் இறுக்கினான், நான் கோடு போட்டேன்.

கார் கிளப் போட்டி பிப்ரவரி 1. சூலூர் தாண்டி மூடிப்போன மில் ஒன்றின் லாரி மைதானத்தில். பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றித் தனித்தனியாக ஓட்ட வேண்டும், குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயிப்பார். நம் பேரை எழுதிக்கொடுத்தாயா என்று கேட்டேன். "எல்லாம் ஆச்சுக்கா" என்றான்.

ஜனவரி 11, ஞாயிறு

வண்டி பார்க்க ஒருவர் வந்தார். நவநீத் என்று பெயர், முப்பது வயது இருக்கும். கிளப்பில் போன வருஷம் கோப்பை வாங்கியவராம். ஆறடிக்கு மேல் உயரம். ஆசையாக என் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார், இரண்டு முட்டியும் ஸ்டியரிங்குக்கு மேலே வந்துவிட்டன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, கால வீட்டுல கழட்டி வெச்சிட்டு வரோணும் போல இருக்குதே" என்றார் அவரும் சிரித்துக்கொண்டு. நல்ல மாதிரி.

ரத்தினம் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து முட்டிக்கும் பெடலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ரத்தினம் வீட்டில் சாப்பாடு. வருஷா வருஷம் அங்கேதான், எனக்கு ஒருத்திக்கு எதற்குத் தனியாக அடுப்பு.

சாப்பிடும்போது, "தோள் வலி எப்பிடிக்கா இருக்குது?" என்றான்.

"எனக்கு ஏதுடா தோள் வலி?"

"போன மழைக்குச் சொன்னியே. ஸ்டியரிங் வேற கனமா இருக்குது. வேணும்னா நீ பக்கத்துல உக்காந்துக்க, அதுவும் ஓட்டற மாதிரிதான்."

அவன் மனைவி சரோஜினி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ரசம் என் இலையைத் தாண்டி ஓடியது.

அக்கா மேல் அக்கறை. அதை ஒழுங்காகக் காட்டத் தெரியாது இந்தப் பையனுக்கு, சின்ன வயதிலிருந்தே.

ஜனவரி 18, ஞாயிறு

நெயில் பாலிஷ் பாட்டிலைக் காணோம். பட்டறை அலமாரியில்தான் வைத்தேன்.

"நான் எதுக்குக்கா அத எடுக்கறேன், நகத்துக்கா போடப் போறேன்?" என்றான் ரத்தினம். நியாயம்தான்.

ஜனவரி 22, வியாழன்

போட்டியைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். 1ஆம் தேதி தைப்பூசம், கூட்டம் வராது என்று 15ஆம் தேதிக்கு. ரத்தினம் போனில் சொன்னான்.

"அந்த ஞாயித்துக்கெழமை நீ மருதமலைக்குப் போயிட்டு வாக்கா. வண்டிக்கும் சேத்து வேண்டிக்க."

தானாகக் கோயிலுக்குப் போகச் சொல்கிற ஆளே இல்லை அவன். எனக்கு மனசு நிறைந்துபோய்விட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

பட்டறை பூட்டியிருந்தது. சரோஜினி வழிச் சொந்தத்தில் விசேஷமாம். என்னிடம் சாவி இருக்கிறது, ஆனாலும் அவன் இல்லாமல் எதற்கு என்று திரும்பி வந்துவிட்டேன். ஞாயிறு மத்தியானம் எப்போதும் அவன் வீட்டுச் சாப்பாடுதான், என்ன சமைப்பது என்றே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

ஜனவரி 28, புதன்

சாயங்காலம் பட்டறைக்குள் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்த்தேன். வண்டிமேல் தார்ப்பாய் போட்டிருந்தான். என் உயரத்துக்காகத் தைத்த சீட் மெத்தை பெஞ்சில் கிடந்தது. நெயில் பாலிஷ் பாட்டில் அலமாரியில் பழைய இடத்திலேயே இருந்தது, பாதிக்குக் கீழே இறங்கி.

மூடி சரியாக மூடவில்லை என்றால் ஆவியாகிவிடும்.

ஜனவரி 31, சனி

டார்க் ரெஞ்சுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவு சரிபார்க்க வேண்டும். திங்கட்கிழமை கம்பெனியில் சோதிக்கிறார்கள், என்னுடையதையும் கொடுக்கலாம் என்று எடுக்கப் போனேன். ரத்தினம் இல்லை. தார்ப்பாய் ஓரமாக விலகியிருந்தது. முழுதாக இழுத்தேன்.

என் சீட் பின்னால் போயிருந்தது. டேப் வைத்துப் பார்த்தேன். பதினொரு சென்டிமீட்டர். உட்கார்ந்தேன், கிளட்ச் என் கட்டைவிரல் நுனிக்குத்தான் எட்டியது. முன்னால் என்னுடைய நாலு ஓட்டையும் அப்படியே காலியாக இருந்தன.

சுடிதாரோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். புது ஓட்டை நாலும் குழாயில் இல்லை. வெறும் தகரத்தில். ரூபாய்க் காசு அகல வாஷர் மட்டும். எழுந்து மேலே பார்த்தால் நாலு போல்ட் தலையிலும் மஞ்சள் கோடு. என்னுடைய மாதிரியே, நேராக, பிராக்கெட் விளிம்பு வரைக்கும் இழுத்து.

அங்கிருந்தே ரத்தினத்துக்குப் போன் போட்டேன்.

"சும்மா வெச்சுப் பாத்தேன்க்கா. நவநீத் ஒருக்கா பட்டறைக்குள்ளயே உருட்டிப் பாக்கறேன்னாரு."

"கோடு எதுக்குடா போட்ட?"

"ஞாபகத்துக்கு. எது இறுக்குனது எது இறுக்காததுன்னு."

"குழாயே இல்லாத எடத்துல…"

"ராத்திரியே பழைய எடத்துக்கு மாத்தீர்றேன். நீ தொடாத. காலையில கோயிலுக்குப் போறவ கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்காத."

சரி என்றேன். ரெஞ்சை எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில்தான் உறைத்தது, ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது, அவன் எதை வைத்துச் சரியாக இறுக்குவான்? திங்கள் சோதித்த பிறகு அவனிடம் கொடுத்துவிடலாம்.

அவன் மாற்றிவிடுவான். அவன் சொன்னால் செய்வான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுத உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிறது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மருதமலையில் ஒன்பதரைக்கு வரிசையில் நின்றேன். அரோகரா சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை, கையில் அதிர்ந்தது. பொன்னுரங்கம் அண்ணன். எங்கள் கம்பெனியில் எனக்கு மேல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளப் போட்டிகளில் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவர்.

"ஏம்மா வசந்தாமணி, உங்க காரு வந்துருச்சு, உன்னையக் காணோமே?"

"எங்கீங்ணா வந்துருச்சு?"

"மைதானத்துலதான். பாஸ் பண்ணி உட்டுட்டேன். சீட் போல்ட்டுல மஞ்சக் கோட்டப் பாத்தேன், அதுக்கு மேல குனிஞ்சே பாக்கல. உன்ற கோடுன்னா நான் எதுக்குக் குனியோணும்? இடுப்பு வலி வேற."

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர் தள்ளினார். நான் நகரவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். உடனே நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ரத்தினம் ஊர் முன்னால் அசிங்கப்படுவான், கிளப்பில் இனி ஒருவரும் சேர்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. இரண்டு சுற்றுதானே, ஒன்றும் ஆகாது என்றும் தோன்றியது. அந்த உயரமான மனிதர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அண்ணா, அது என்ற கோடு இல்லீங்க. நான் அந்த சீட்டச் செக் பண்ணவே இல்ல. வண்டிய நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

"என்னம்மா சொல்ற?"

"குனிஞ்சு பாருங்ணா."

சாமி பார்க்காமல் இறங்கினேன். சூலூர் வரைக்கும் எப்படி ஸ்கூட்டர் ஓட்டினேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன், ஹெல்மெட்டுக்குள் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது.

மைதானத்தில் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். நவநீத் இறங்கி நின்றிருந்தார். ரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நான் யாரிடமும் பேசவில்லை. சீட்டின் இரண்டு தோளையும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். தரைத் தகரம் எண்ணெய் டின் மாதிரி டொக் டொக் என்று மேலும் கீழும் போய் வந்தது. பொன்னுரங்கம் அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. நவநீத் ஒரு அடி பின்னால் போனார்.

"பிரேக் அடிச்சிருந்தா?" என்றார்.

"சீட்டோட நீங்க ஸ்டியரிங்குல போய் ஒக்காந்திருப்பீங்க."

"உங்க அக்காவேதான் செக் பண்ணிக் கோடு போட்டாங்கன்னு சொன்னீங்களே ரத்தினம்? அவங்களுக்குத்தான் ஓட்ட இஷ்டமில்லைன்னும் சொன்னீங்க."

ரத்தினம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான், நான் போகவில்லை. அங்கேயே கேட்டேன்.

"பதினஞ்சாந் தேதின்னியேடா?"

"ஏன்க்கா எம் மானத்த வாங்கற?"

"எனக்கு ஓட்ட இஷ்டமில்லைன்னு நான் எப்படா சொன்னேன்?"

"நீ ஓட்டுனா ஒப்பேறாதுக்கா!" கத்தினான். "மூணு வருசம் ராத்திரி பகலா வெல்டிங் அடிச்சது நானு. ஒருக்காவாவது ஜெயிக்கோணும்னு இருக்காதா? நீ கடேசில வருவ, எல்லாரும் கை தட்டுவாங்க, அக்காவும் தம்பியும் பாசமா கார் கட்டுனாங்கன்னு பேப்பர்ல போடுவாங்க. எனக்கு அது வேண்டாம். ரெயில் வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல. நீ உட்டாத்தான? சீட்டு உன்ற அளவு, சட்டம் உன்றது, கோடு உன்றது."

"அப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. உன்னைய உக்கார வெக்க மாட்டேன்னு."

"சொன்னா நீ உடுவியா?"

விட்டிருக்க மாட்டேன்தான். சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அதெல்லாம் சண்டை. இது வேறு. இவன் என்னைக் கோயிலுக்கு அனுப்பினான். என் பாட்டிலை எடுத்து, என் கை மாதிரியே கோடு இழுத்துப் பழகியிருக்கிறான். பாதி பாட்டில் அதற்குத்தான் போயிருக்கிறது. உட்கார்ந்து எத்தனை போல்ட்டில் போட்டுப் பார்த்தானோ. அதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஓட்ட விடாததுகூட இவ்வளவு எரியவில்லை.

பொன்னுரங்கம் அண்ணன் இருமினார். "பழைய ஓட்டை நாலும் குழாய்லதான் இருக்குது. அதுல மாட்டுனா மறுபடி சோதிக்கறேன். இந்தத் தடவை படுத்தே பாக்கறேன். ஓட்டற ஆளு பேர மாத்திக்கலாம்."

நவநீத் தானாக, "அவங்க ஓட்டட்டுங்க" என்றார்.

ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து ரெஞ்சை எடுத்தேன். அதில் கிடந்த கம்பெனி மேல்சட்டையைச் சுடிதார்மேல் போட்டுக்கொண்டேன். ரத்தினம் ஸ்பேனரை எடுத்தான், நான் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சீட்டைக் கழற்றி, பழைய இடத்தில் வைத்து, நாலு போல்ட்டையும் நானே இறுக்கினேன். இறுக்கியவள் நான் என்பதால் கோடு நான் போடக்கூடாது. இன்னொரு கை வேண்டும்.

ரத்தினத்தின் டூல் பாக்ஸில் என் பாட்டில் இருந்தது. எடுத்து மூடியைத் திறந்தேன். அவன் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். பாட்டிலுக்குக் கையை நீட்டினான். அந்தக் கையை அவன் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். கட்டைவிரலில் லேத் வெட்டிய தழும்பு, நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பாட்டிலையும் ரெஞ்சையும் நவநீத்திடம் கொடுத்தேன்.

"டக்னு சத்தம் வர்ற வரைக்கும் இழுங்க. வந்தாத்தான் கோடு போடோணும். வரலைன்னா சொல்லுங்க, எனக்காகப் போட வேண்டாம்."

அவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக் கோணலாக நாலு கோடு போட்டார். ரத்தினத்தின் கை நீட்டியது நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எழுந்து போய் மில் சுவர் ஓரமாக நின்றான்.

மெத்தை இல்லை. நவநீத் தன் ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தார். பொன்னுரங்கம் அண்ணன் நிஜமாகவே மண்ணில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு சுற்று ஓட்டினேன். ஒரு கூம்பைக்கூட இடிக்கவில்லை. பதினேழு வண்டியில் ஒன்பதாவது. கடைசி இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்று வருஷமாக இந்த இரண்டு சுற்றை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டியிருப்பேன்! அதில் எப்போதும் இடது சீட்டில் அவன் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருவான். இன்று ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் காலி சீட் கண்ணில் பட்டது. கொஞ்சம்கூட ஆடவில்லை. நான் கோடு போட்ட சீட். சந்தோஷம் வரவே இல்லை. இவ்வளவு அருமையாக ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டே ஓட்டினேன். ஹெல்மெட் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பிப்ரவரி 2, திங்கள்

ரெஞ்சைச் சோதிக்கக் கொடுத்தேன். அளவு துல்லியமாக இருக்கிறது என்றார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சாம்பார் வைத்தேன். உப்பு அதிகம்.

பிப்ரவரி 12, வியாழன்

சரோஜினி வந்தாள். பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன், கொண்டுபோக மாட்டேன் என்றாள். "அவரு சோறே ஒழுங்கா சாப்பிடறதில்லீங்க அண்ணி. நான் அன்னைக்கே சொன்னேன், கேக்கல" என்றாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் எடுத்து வைக்கவில்லை, தூக்கியும் போடவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ரத்தினம் போன் செய்தான். பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் தடவை. பின்னால் லேத் ஓடவில்லை, பட்டறை அமைதியாக இருந்தது.

"அக்கா."

"சொல்லு."

"அந்த நாலு ஓட்டைக்கும் தகடு வெச்சு வெல்டிங் அடிச்சு அடைச்சுட்டேன். தெரியாத அளவுக்குத் தேச்சுட்டேன்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"உன்ற சீட்ட மறுபடி கழட்டி, புது நட்டுப் போட்டு இறுக்கி வெச்சிருக்கறேன். சாப்பாட்டுக்கு வா. வந்து செக் பண்ணிக் கோடு போட்டுட்டுப் போக்கா. பாட்டிலக்கூட வண்டியிலயே உட்டுட்டுப் போயிட்ட."

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் உட்டுட்டு வந்தேன்."

"அப்ப வர்றியா?"

"எதுக்குடா நான்? நீயே போட்டுக்க. எது என்றது, எது உன்றதுன்னு எனக்கே வித்தியாசம் தெரியல, அவ்வளவு நல்லா வருது உனக்கு."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

சாவி இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. மத்தியானத்துக்கு எனக்கு மட்டும் அரிசி ஒரு டம்ளர் போட்டேன்.